நிற்கிற லோரிக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அக்கா மகனுக்குக் கனரக லோரி ஓட்டுகிற ‘இ’ லைசன்ஸ் கிடைத்துவிட்டது. 21 வயது முடிந்த கையோடு பயிற்சிக்குப் போனான், டாக்டரிடம் ஜே.பி.ஜே.எல்.8ஏ பாரத்தில் கையெழுத்து வாங்கினான், சரக்கு வண்டி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். வகுப்பையும் முடித்தான். அன்றிலிருந்து என் வாட்ஸ்அப்பில் வேலை விளம்பரங்களாகக் கொட்டுகிறான். ஜாலான் காப்பார் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்தது, புக்கிட் ராஜா தொழிற்பேட்டை வாசலில் தொங்கிய பேனர், பேஸ்புக்கில் யாரோ பகிர்ந்தது. ஐயாயிரம் வெள்ளி, ஆறாயிரம் வெள்ளி என்று எல்லாவற்றிலும் ஓர் எண் கொட்டை எழுத்தில் இருக்கும். “மாமா, இதுல எதுக்குப் போகட்டும்?” என்கிறான்.

இவன் ஒருவன் மட்டும் இல்லை. எஸ்.பி.எம். முடித்துவிட்டு கிடங்கிலோ தொழிற்சாலையிலோ இரண்டு மூன்று வருடம் ஓட்டிய பிறகு, “லோரி ஓட்டினால் காசு பார்க்கலாமாமே” என்று வருகிற கிள்ளான் பையன்கள் நிறைய. நான் முன்பு ஓட்டியவன். இப்போது லோரி கம்பெனியின் ஆப்பரேஷன் அறையில் உட்கார்ந்து டிரைவர்களுக்கு டிரிப் பிரித்துக் கொடுக்கிறவன். ஸ்டீயரிங் பக்கத்து நியாயமும் தெரியும், மேசைப் பக்கத்துத் தந்திரமும் தெரியும். அதனால் அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, என்ன சரக்கு என்பதுதான். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறோம், ராத்திரி வீட்டில் படுக்கிறோமா லோரிக்குள் படுக்கிறோமா, இடுப்பு எத்தனை வருடம் தாங்கும், சம்மன் யார் தலையில் விழும் எல்லாமே சரக்குதான் முடிவு செய்கிறது. அடுத்த கேள்வி, சக்கரம் சுழலாமல் நிற்கிற நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது. லோரி வேலையில் பாதி காத்திருப்பு. கேட்டில் காத்திருப்பு, டிப்போவில் காத்திருப்பு, ‘சாப்’ (முத்திரை) குத்துகிற ஆள் பசியாறப் போய்விட்டார் என்று காத்திருப்பு. இதற்குப் பதில் சொல்லாமல் ஐயாயிரம் வெள்ளி என்று எவர் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

சரக்கு ஏற்றி இறக்குகிற தொழில் நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. இப்போது பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் பளபளவென்று கே.எல். சென்ட்ரல் நிற்கிறது, 2001-இல் அது திறப்பதற்கு முன்னால் அந்த இடம் சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கிற ரயில்வே யார்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்கள் பெரியவர்களுக்கு வேகன் எண் தெரியும், எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று தெரியும். இந்தப் பக்கம் 1901-இல் திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம், 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. மறு வருடமே கண்டெய்னர் முனையமும் வந்துவிட்டது. மூட்டை தூக்குகிற வேலை மெல்லக் குறைந்து, பெட்டி இழுக்கிற வேலை வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வெளியே வந்த பிள்ளைகளில் பலர் ஏறி உட்கார்ந்தது லோரியில்தான். காப்பார், மேரு, பண்டமாரான் பக்கம் எந்தத் தாமானில் கேட்டாலும் ஒரு டிரெய்லர் மாமா இருப்பார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். கிள்ளானில் லோரி வேலை என்றாலே முதலில் கண்ணில் படுவது கண்டெய்னர்தான். 2023-இல் மட்டும் போர்ட் கிள்ளான் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம். அதில் பெரும் பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கே மாறிப் போய்விடும். மிச்சம் இருப்பதே நார்த்போர்ட்டிலிருந்தும் பூலாவ் இண்டாவில் இருக்கிற வெஸ்ட்போர்ட்ஸிலிருந்தும் பகல் இரவு பார்க்காமல் ஊருக்குள் வந்துகொண்டே இருக்கிறது. வேலைக்குப் பஞ்சமே வராது. சரக்கை நீங்கள் தொட வேண்டாம், தார்ப்பாய் கட்ட வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் கொழுத்த வேலை.

உள்ளே போனால்தான் தெரியும். அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டி இருக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 வெள்ளி. மேலே வருவதெல்லாம் டிரிப் காசு. போர்ட்டில் பெட்டி எடுத்து, ஷா ஆலம் கிடங்கில் இறக்கி, காலிப் பெட்டியை டிப்போவில் திருப்பிக் கொடுத்தால் ஒரு டிரிப். போர்ட்டில் சிஸ்டம் படுத்துவிட்டதா, கப்பல் தாமதமா, கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ரிப்பேரா, டிப்போ நிரம்பி வேறு டிப்போவுக்குப் போகச் சொல்கிறார்களா, எல்லாம் உங்கள் நேரம். அன்றைக்கு மூன்று டிரிப் என்று கணக்குப் போட்டவர் ஒரே டிரிப்போடு வீடு திரும்புவார். சில கம்பெனிகள் இத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். சில கம்பெனிகள் அந்தக் காசை வாடிக்கையாளரிடம் வசூல் செய்துவிட்டு டிரைவரிடம் மூச்சு விடுவதில்லை. இன்டர்வியூவில் கேட்டால் எந்த ரகம் என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

புதுப் பையன்கள் அடிவாங்குகிற இன்னோர் இடம் இ.ஐ.ஆர். தாள். பெட்டியை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் அதன் உடல் நிலையை எழுதுகிற ரசீது அது. எடுக்கும்போதே பக்கத்தில் பள்ளம் இருந்திருக்கும், கூரையில் ஓட்டை இருந்திருக்கும். அவசரத்தில் ‘நல்ல பெட்டி’ என்று கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தால், திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பள்ளம் உங்களுடையது. சுற்றி நடந்து பாருங்கள். கதவு ரப்பரைப் பாருங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, வெளிச்சம் எங்கே வருகிறது என்று பாருங்கள். சீல் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நாலு மூலை லாக்கையும் கையால் தட்டிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் பூட்டின மாதிரியே தெரியும்.

எடை இன்னொரு தலைவலி. ஏற்றுமதிப் பெட்டியின் உண்மையான எடையை ஏற்றுகிறவரே அளந்து சொல்ல வேண்டும் என்பது 2016 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கக் கடல் சட்டம். கப்பலுக்கு அது நல்லது. ஆனால் உள்ளே பாரம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று டிரைவருக்கு யாரும் காட்டுவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்து அடுக்கிய பெட்டியோடு கெசாஸ் நெடுஞ்சாலை வளைவில் இறங்கும்போதுதான் டிரெய்லர் பேசும். அந்தப் பேச்சு புரிவதற்கு ஒரு வருடமாவது ஆகும். அதுவரை பக்கத்தில் ஓர் அனுபவஸ்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். புதியவரை மூத்த டிரைவரோடு அனுப்பிப் பழக்குகிற கம்பெனி என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போகலாம். முதல் நாளே சாவியைக் கையில் கொடுத்து “போர்ட் தெரியும்ல?” என்று கேட்கிற இடத்திலிருந்து ஓடி வந்துவிடுங்கள்.

டிப்பர் லோரியைப் பற்றி நான் சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் முதல் வேலையாக அதை எவருக்கும் சொல்ல மாட்டேன். மண், மணல், கல். டிரிப்புக்கோ டன்னுக்கோ காசு. டன்னுக்குக் காசு என்றாலே கூட ஏற்று என்று அர்த்தம். ‘மாட்டேன்’ என்று சொல்கிற தைரியம் முதல் வருட டிரைவருக்கு வராது. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்ததை நாம் மறக்க முடியாது. சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ்காரர்களின் வண்டியும் கல் ஏற்றிய லோரியும் மோதி, ஒன்பது பேர் இறந்தார்கள். நம் திருவிழாவுக்காக வந்தவர்கள். லோரியின் ஸ்டீயரிங் கோளாறு, அளவுக்கு மீறிய பாரம் என்றெல்லாம் விசாரணையில் வெளியே வந்தது. ஆனால் சில நாள்களிலேயே நீதிமன்றத்தில் கொண்டு போய் நிறுத்தப்பட்டவர் டிரைவர். ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால், சாலைப் போக்குவரத்துச் சட்டம் 41(1)-இன்படி ஐந்திலிருந்து பத்து வருடம் சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். டன்னுக்குக் கிடைக்கிற அந்தக் கூடுதல் காசை இந்தப் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் கெடுபிடி கூடியிருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயம் ஆகிவருகிறது, உச்சம் மணிக்கு 90 கிலோமீட்டர். “இதனால டிரிப் குறையுது” என்று புலம்புகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். டிரிப் காசையே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் அப்படித்தான் புலம்புவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புதிதாக வருகிற பையன் ஜி.பி.எஸ். இருக்கிறதா, வேகக் கருவி இருக்கிறதா, புஸ்பாகோம் வாகனச் சோதனை எப்போது முடிந்தது என்று கேட்டாலே போதும், பாதிக் கம்பெனிகள் வடிகட்டப்பட்டுவிடும்.

டேங்கர் நேர் எதிர்ப் பக்கம். பெட்ரோல் டேங்கர் டிரைவர் வேலைதான் இந்தத் தொழிலில் மரியாதையான வேலை என்பேன். மலாக்காவிலிருந்தும் போர்ட்டிக்சனிலிருந்தும் குழாய் வழியே டெங்கில் முனையத்துக்கு எண்ணெய் வந்துவிடும். அங்கிருந்து கோலாலம்பூர், சிலாங்கூர் நிலையங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. பாதை நிர்ணயம் ஆகியிருக்கும், பயிற்சி உண்டு, சீருடை உண்டு, ஒழுங்கு மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நேற்று லைசன்ஸ் எடுத்தவருக்கு இது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. திரவம் சும்மா இருக்காது. பிரேக் போட்டால் முன்னால் வந்து இடிக்கும், வளைத்தால் பக்கத்துக்கு ஏறும். நிரம்பிய டேங்கியைவிடப் பாதி காலியான டேங்கி மோசம். பாமாயில் டேங்கரில் கழுவுவதற்கு வசதியாக உள்ளே தடுப்பே இல்லாமல் இருப்பதும் உண்டு. கேரித் தீவு பக்கமிருந்து கச்சாப் பாமாயில் ஏற்றிக்கொண்டு பூலாவ் இண்டா போகிற வேலையில் சீல், எடைச்சீட்டு என்று இன்னொரு கவலையும் கூடவே வரும். வழியில் எண்ணெய் இறக்கச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த கதை. கொஞ்ச வருடம் கழித்துப் போங்கள்.

கேமரன் காய்கறி லோரியைப் பற்றி இன்னொரு பையன் கேட்டிருந்தான். மலையிலிருந்து ராத்திரியில் இறங்கி, விடிவதற்குள் செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தையில் இருக்க வேண்டும். குளிர், மூடுபனி, வளைவு, தூக்கம், எல்லாம் ஒரே நேரத்தில். பிரேக்கைச் சுட வைக்காமல் கியரிலேயே இறக்கத் தெரிந்தவருக்கு அது அழகான வேலை. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற அண்ணன்கள் அங்கே அதிகம். அவர்களோடு தேத்தண்ணி குடியுங்கள், பாடம் கேட்காதீர்கள்.

எஞ்சியிருப்பது எல்லாரும் இளக்காரமாகப் பார்க்கிற சின்ன லோரி. மூன்று டன், ஐந்து டன் பாக்ஸ் லோரி. அரிசி, மசாலா, பானம், டிஷ்யூ பேப்பர், மின்சாதனம். காலையில் கிடங்கில் ஏற்றுவது, கடை கடையாக இறக்குவது, டெலிவரி ஆர்டரில் ‘சாப்’ வாங்குவது. கூட ஒரு கெலிண்டான், அதாவது உதவியாள், இருப்பார்; இல்லாத கம்பெனியில் நீங்களே கெலிண்டான். உடம்பு வலிக்கும். சம்பளம் டிரெய்லரைவிடக் குறைவு. கல்யாண வீட்டில் “என்னப்பா வேலை?” என்று கேட்டால் சொல்லிக்கொள்ளவும் பெருமை இல்லை.

ஆனாலும் முதல் வேலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாரம் டெலிவரி செய்து பாருங்கள், ஓட்டுவது என்றால் என்ன என்று தெரியும். ஜாலான் துன் சம்பந்தனில் நிறுத்த இடம் கிடையாது. துணிக்கடைக்காரருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில் சரக்கு வேண்டும். ஜாலான் தம்பிப்பிள்ளையில் இரண்டு வரிசையாக நிற்கிற கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு பாட்டி பூக்கூடையோடு நிற்பார், நகரமாட்டார். மாநகர மன்றத்து ஆள் சம்மன் புத்தகத்தோடு வருவார். கண்ணாடியில் பார்ப்பது, இறங்கிப் போய்ப் பார்ப்பது, ‘முடியாது’ என்று சொல்வது எல்லாம் அங்கேதான் கைவருகிறது. சின்ன லோரியில் இடித்தால் பம்பர். டிரெய்லரில் அதே அசட்டை என்றால் உயிர். இரவு வீட்டில் படுக்கலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

இதிலும் காத்திருப்பு உண்டு. பெரிய பேரங்காடிகளின் பின்வாசலில் வரிசை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் மாதச் சம்பளமும் ஓவர்டைமும் கொடுக்கிற கம்பெனியாக இருந்தால் அந்தக் காத்திருப்பு உங்கள் பையிலிருந்து போகாது. டிரெய்லருக்கும் இதற்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இனிச் சம்பளச் சீட்டு. மேசைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சந்தா அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊக்கத்தொகை, கமிஷன், பெரும்பாலான அலவன்ஸ்கள் எல்லாம் கணக்கில் வரும். சட்டம் விட்டுவைத்திருக்கிற சிலவற்றில் இரண்டு, ஓவர்டைமும் பயண அலவன்ஸும். அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், டிரிப் காசுக்கே ‘டிராவலிங் அலவன்ஸ்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மாதம் நாலாயிரம் வெள்ளி கையில் வாங்குகிற டிரைவருக்கு 1,700-க்கு மட்டும் இ.பி.எஃப். போகும். ஐயாயிரம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. மீதி 2,300 வெள்ளிக்கு அந்த 13-ஐப் போட்டுப் பாருங்கள்: மாதம் 299 வெள்ளி, வருடத்துக்கு மூன்றாயிரத்து ஐந்நூறுக்கு மேல். இருபது வருடம் ஓட்டிய ஒருவர் முதுகு போய் வீட்டில் உட்காரும்போது அந்தக் காசு இருக்காது. டிரைவரும் “கழிக்காம முழுசா குடுங்க தவுக்கே” என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல்.

வேலை விபத்துக் காப்புறுதியான சொக்சோவும் அப்படியே. இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். ‘சப்-கான்’ என்று பெயர் வைத்து உங்களை வெளியாள் ஆக்கியிருந்தால், அந்தக் காலுக்கு யாரும் பொறுப்பு இல்லை. நியமனக் கடிதம் கையில் வராமல் சாவியைத் தொடாதீர்கள்.

சொந்த லோரி வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். முதல் வருடத்தில் வேண்டாம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் லிட்டருக்கு 2.15-இலிருந்து 3.35 வெள்ளி ஆனதே, நினைவிருக்கிறதா? தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு ஃப்ளீட் கார்டில் 2.15-க்கே கிடைத்தது. அந்தக் கார்டு கைக்கு வரும்வரை தாக்குப்பிடித்தவை கையில் மூலதனம் வைத்திருந்த கம்பெனிகள்தான். ஒற்றை லோரிக்காரர்கள் எனக்குப் போன் போட்டுக் கடன் கேட்டார்கள்.

அக்கா மகன் கடைசியில் புக்கிட் ராஜாவில் ஒரு உணவுப்பொருள் கிடங்கில் ஐந்து டன் பாக்ஸ் லோரிக்குச் சேர்ந்திருக்கிறான். அடிப்படைச் சம்பளம் சுமார்தான். ஓவர்டைம் உண்டு, கெலிண்டான் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு. அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “இ ஃபுல் எடுத்தவன் போயும் போயும் குட்டி லோரி ஓட்டணுமா? பக்கத்து வீட்டுப் பையன் டிரெய்லர் ஓட்டுறான்” என்று என்னிடம் சண்டை. பக்கத்து வீட்டுப் பையனுடைய சம்பளச் சீட்டை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அதில் இ.பி.எஃப். எவ்வளவு என்று பார்த்துவிட்டு மிச்சச் சண்டையைப் போட்டுக்கொள்ளலாம்.